ஹுன்சூர்க் கொட்டகையின் உயரம்

மைசூரிலிருந்து மடிக்கேரிக்குப் போகிறவர்கள் ஹுன்சூர் வந்ததும் காபிக்கு எங்கே நிறுத்தலாம் என்ற யோசனையில் இருப்பார்கள். நிலத்துக்கு நடுவே நிற்கும் அந்தக் கட்டடங்கள் கண்ணில் படுவதில்லை. அகலம் குறைவு, உயரம் அதிகம். இரண்டு மாடி வீடோ என்று பார்த்தால் ஜன்னலே காணோம். மங்களூர் ஓடு, பக்கத்தில் ஒரு புகைபோக்கி. வர்ஜீனியாப் புகையிலையைப் பதப்படுத்தும் ‘பார்ன்’கள் அவை. புகையிலைமீது எனக்கு எந்தப் பிரியமும் இல்லை, கட்டடத்தின்மீது உண்டு.

ஒடித்த பச்சை இலைகளைக் குச்சிகளின் இருபுறமும் நூலால் கட்டி, உள்ளே கழிகளில் கூரை வரைக்கும் அடுக்கடுக்காகத் தொங்கவிடுவார்கள். விறகு எரியும் அடுப்பின் வாய் சுவருக்கு வெளியே. சூடு தகரக் குழாய்களில் தரையை ஒட்டிச் சுற்றி வரும்; புகை இலையைத் தொடாமல் வெளியேறிவிடும். முதலில் 35 டிகிரி வாக்கில் இலை மஞ்சளாக வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நடுநரம்பு காய 70 டிகிரி வரை. ஐந்தாறு நாள் இரவும் பகலும் ஆள் கண்விழிக்க வேண்டும். சுவரடித் திறப்புகளில் நுழையும் காற்று, சூடேறி, இலையின் ஈரத்தைச் சுமந்துகொண்டு உச்சித் திறப்பு வழியே போய்விடும். விசிறி கிடையாது. அந்த உயரம்தான் விசிறி. உச்சியை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற கைப்பக்குவத்தில் இருக்கிறது இலையின் நிறம்; நிறத்தில் இருக்கிறது புகையிலை வாரிய ஏலத்தில் கிடைக்கும் விலை.

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று உண்டு. அதுவும் அழகுதான், ஆனால் வேறு குணம். நெல்லைப் பூட்டிக் காக்க வேண்டும். இலைக்குக் காற்று ஓட வேண்டும்.

இப்போது உலகமெங்கும் கொட்டகை பாணியில் விருந்தினர் விடுதி கட்டுவது மோஸ்தர். செங்குத்துக் கூரை, அதன் கீழே தடுப்பில்லாத ஒரே கூடம்: காலையில் யோகா, மதியம் கம்பெனிக் கூட்டம், சாயங்காலம் நிச்சயதார்த்தம், ராத்திரி தங்கல். நல்ல யோசனை. ஒரே வெற்றிடம் பல வேலைக்கு வளைந்துகொடுப்பது கொட்டகைக்குப் பிறவிக்குணம். ஆனால் பலர் கூரையின் கோட்டை மட்டும் நகலெடுத்து, உச்சியை அடைத்து, பொய்க்கூரை போட்டு, ஏசி மாட்டிவிடுகிறார்கள். மைசூர் சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். சுவரடியிலும் உச்சியிலும் மூடித் திறக்கும் கதவுகளை வைத்தால் வருடத்தில் பல மாதம் ஏசிக்கு வேலையே இருக்காது.

பரண் விஷயத்திலும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஐரோப்பாவில் பழைய கொட்டகையை வீடாக்குகிறவர்கள் கூரையடியில் படுக்கை போடுகிறார்கள். அந்தக் குளிருக்கு மேலே ஏறும் சூடு வரப்பிரசாதம். அதே படத்தைப் பார்த்து இங்கே ஏப்ரல் மாதத்தில் பரணில் படுக்கை விரித்தால், விருந்தாளிதான் பதமாவார். படுக்கை கீழே இருக்கட்டும். பரணில் புத்தகமோ பாயோ கிடக்கட்டும்.