உயில் கேட்க வந்தவர்கள்

புதிய படைப்பொன்று வெளிவந்த அன்றே அதனைப் பற்றித் தீர்ப்பு வழங்கிவிடும் வேட்கை சுவைஞரிடம் இயல்பாகவே உண்டு. ஒரு கலைஞரை நெடுங்காலம் பின்தொடர்ந்து வந்தவரிடம் அவ்வேட்கை இரட்டிப்பாகிறது. அவர் புதிய படைப்பை மட்டும் கேட்பதில்லை. முன்னர்க் கேட்டு மகிழ்ந்தவற்றையும் அதனுள் தேடுகிறார். தேடியது கிடைத்தால், 'மீண்டு வந்துவிட்டார்கள்' என்று களிக்கிறார்; கிடைக்காவிடின், 'கைவிட்டுவிட்டார்கள்' என்று மனம் நோகிறார். இவ்விரு தீர்ப்புகளும் அன்பிலிருந்து பிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், படைப்பு என்ன சொல்கிறது என்னும் வினாவுக்கு இவை விடையாகுமா? சுவீடன் நாட்டு ஓபெத் இசைக்குழு 2024 நவம்பர் 22இல் வெளியிட்ட 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்னும் இசைத்தட்டு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகிறது. இறுதி உயில் என்பது அப்பெயரின் பொருள்.

ஓபெத், ஸ்டாக்ஹோம் நகரில் தோன்றிய குழு. அதன் முதல் தட்டு 1995இல் வந்தது. மின் கிதாரின் வன்மையான மெட்டல் இசையோடு, 1970களின் இங்கிலாந்து ராக் இசைக்குரிய நீண்ட பாடல் அமைப்பையும் மாறி மாறி வரும் தாளங்களையும் இணைத்துப் பாடும் முறையைப் 'புரோகிரசிவ் மெட்டல்' என்பர். அம்முறையில் பெரும்புகழ் பெற்றவர்கள் இவர்கள். குழுவின் தலைவரும் பாடலாசிரியருமான மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் இரு குரல்களுக்கு உரியவர். ஒன்று, தெளிந்த இன்குரல். மற்றொன்று, தொண்டையின் அடியிலிருந்து எழும் கரகரத்த உறுமல். மென்மைக்கும் வன்மைக்கும் இடையே அவர் குரல் தாவும் விரைவே குழுவின் தனி முத்திரையாகப் பலராலும் கருதப்பட்டது.

2008இல் வந்த 'வாட்டர்ஷெட்' தட்டிற்குப் பின், உறுமல் தட்டுகளினின்றும் மறைந்தது. 2011, 2014, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் வந்த நான்கு தட்டுகளிலும் இன்குரலே ஒலித்தது. மேடைகளில் பழைய பாடல்களை உறுமலோடு பாடுவதை ஓக்கர்ஃபெல்ட் நிறுத்தவில்லை. ஆகவே, குரல் கெட்டதனால் நேர்ந்த மாற்றம் அன்று அது. கலைஞர் தாமே தேர்ந்த மாற்றம். சுவைஞர்கள் இதனால் இரு கூறாயினர். வளர்ச்சி என்றனர் ஒரு சாரார். துரோகம் என்றனர் மறு சாரார்.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின், பதினான்காம் தட்டின் முதற் பாடலிலேயே உறுமல் மீண்டும் கேட்டது. முழுத் தட்டும் கைக்கு வருமுன் அப்பாடல் தனியே வெளிவந்தமையால், 'குரல் திரும்பிவிட்டது' என்பதே எங்கும் பேச்சாயிற்று. தட்டைப் பற்றிய முதல் எண்ணம், தட்டைக் கேட்குமுன்பே உருவாகிவிட்டது!

அவ்வெண்ணத்தை ஒதுக்கி வைத்துக் கேட்டால் புலப்படுவது யாது? தட்டில் எட்டுப் பகுதிகள் உள்ளன. முதல் ஏழுக்கும் பெயர் இல்லை. சட்ட ஏடுகளில் பிரிவைக் குறிக்க இடும் குறியும், ஒன்று முதல் ஏழு வரையுள்ள எண்களுமே தலைப்பாக நிற்கின்றன. அவை ஓர் உயிலின் ஏழு பத்திகள். முதல் உலகப்போருக்குப் பிந்திய காலம். செல்வக் குடும்பமொன்றின் தலைவர் இறந்துவிட்டார். அவருடைய உயிலைக் கேட்கப் பிள்ளைகள் மூவர் கூடியிருக்கின்றனர். இருவர் இரட்டையர்; மூன்றாமவள் இளம்பிள்ளை வாதத்தால் நலிந்த பெண். பத்தி பத்தியாக இரகசியங்கள் வெளியாகின்றன. இரட்டையர் அவர் குருதியில் பிறந்தவர் அல்லர். பணிப்பெண் வயிற்றில் பிறந்த அந்நலிந்த பெண்ணே தம் மகளென எண்ணி, உடைமை யாவற்றையும் அவளுக்கே எழுதி வைத்துவிட்டார் தந்தை.

இக்கதையில் உறுமலுக்குரிய இடம் எது என்று பார்த்தல் வேண்டும். இறந்த பின்னும் வீட்டை ஆள விழையும் ஒருவரின் சினமும் செருக்கும் அக்குரலில் உருப்பெறுகின்றன. உள்ளத்தின் நோவும் நாணமும் இன்குரலில் வருகின்றன. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன், உயிலின் சொற்களைப் பாடாமல் பேச்சாகவே படிக்கிறார். அப்பேச்சில் சட்டத்தின் குளிர்ச்சி இருக்கிறது. நான்காம் பத்தியில் ஹார்ப் நரம்புகளும் ஆண்டர்சனின் குழலும் சேர்ந்தொலிக்கும் அமைதியான பகுதியொன்று உண்டு. அவ்வமைதிக்குப் பின் வரும் உறுமல், பழைய நாளின் அலங்காரமாக ஒலிக்கவில்லை. மூடிய கதவைத் தள்ளித் திறந்து தந்தையே உள்ளே நுழைவது போல் ஒலிக்கிறது. பதினாறு ஆண்டுகள் அடங்கியிருந்த குரலுக்குக் கதை ஒரு காரணம் தந்திருக்கிறது.

'மீண்டு வந்துவிட்டார்கள்' என்னும் தீர்ப்பு வேறொரு வகையிலும் பொருந்தாது. 1996இல் வந்த 'மார்னிங்ரைஸ்' தட்டில் ஐந்தே பாடல்கள். ஒவ்வொன்றும் பத்து நிமிடத்திற்கு மேற்பட்டது. ஒன்றோ இருபது நிமிடத்தையும் கடந்தது. இத்தட்டில் எட்டு நிமிடத்தை எட்டும் பகுதி ஒன்றேனும் இல்லை. அங்கே ஒரு மெட்டு நெடுநேரம் நின்று வளரும்; இங்கே ஒன்று முடியுமுன் மற்றொன்று நுழைகிறது. 2022இல் குழுவில் சேர்ந்த வால்தெரி வாய்ரினனின் முரசு அத்திருப்பங்களுக்கு ஈடுகொடுத்துத் துல்லியமாக ஓடுகிறது. நரம்பிசைக் குழுவும் இதற்குத் துணை நிற்கிறது. குரல் பழையது, கட்டமைப்பு புதியது என்பதே பொருந்தும்.

குறைகள் இல்லாமல் இல்லை. உயில் என்பது ஒவ்வொரு சொல்லும் எண்ணி எழுதப்பெறும் ஆவணம். உறுமலோ சொல்லின் வடிவைச் சிதைத்து ஒலிக்கும் முறை. ஆகவே, கதையின் முக்கியமான செய்திகள் சில, அச்சிட்ட பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டால்தான் விளங்குகின்றன. ஆண்டர்சனின் பேச்சு இக்குறையை ஓரளவே ஈடு செய்கிறது. பத்திகளின் இடையறாத திருப்பங்களால் முதன்முறை கேட்பவர் செவியில் தங்கும் மெட்டுகளும் குறைவு. ஒருமுறை கேட்டு வியந்தவர், எதை வியந்தார் என்று கேட்டால் விடை சொல்லத் திகைப்பார்.

எனினும் தட்டின் உண்மையான வலிமை அதன் இறுதிப் பகுதியில் இருக்கிறது. பெயருடைய ஒரே பாடல் அது: 'எ ஸ்டோரி நெவர் டோல்ட்', அதாவது சொல்லப்படாத கதை. உயில் படித்து முடிந்து காலம் கடந்துவிட்டது. மாளிகை அப்பெண்ணுக்கு உரியதாயிற்று. அப்போது தாயின் கடிதமொன்று வருகிறது. அவளும் அவர் குருதியில் பிறந்தவள் அல்லள் என்பதே அதன் செய்தி. கடிதத்தால் உண்மை வெளிப்படுவது பழைய நாடக உத்திதான். ஆயினும் ஓக்கர்ஃபெல்ட் அதனை ஆர்ப்பாட்டமின்றிக் கையாள்கிறார். இப்பாடலில் உறுமல் அறவே இல்லை. இன்குரல் மட்டும் அமைதியாகப் பாடி முடிக்க, கிதாரின் நீண்ட இசை தட்டை நிறைவு செய்கிறது. தந்தையின் அதிகாரம் பொய்யின்மேல் நின்றதென்று வெளிப்பட்டதும், அதிகாரத்தின் குரலும் ஒடுங்கிவிடுகிறது. உறுமலுக்காக மட்டும் தட்டை வாங்கிய சுவைஞர், அது இல்லாத இவ்விடத்தில்தான் அதன் பொருளை உணர முடியும்.

நெடுநாளைய சுவைஞர்கள் இப்படைப்பின்முன் அமர்ந்த நிலை, உயில் கேட்க வந்த பிள்ளைகளின் நிலையை ஒத்தது. 'எனக்கு என்ன விட்டுச் சென்றிருக்கிறார்?' என்பதே அவர்கள் உள்ளத்தில் நின்ற வினா. நெடுங்காலம் காத்திருந்தமையால் தமக்கு உரிமை உண்டென்று அவர்கள் நம்பினர். காத்திருப்பு அன்பின் அடையாளம். அஃது உடைமைப் பத்திரம் ஆகாது. குருதி உறவு இல்லாதவளிடமே மாளிகை சென்று சேர்ந்தது என்று கதை முடிவது போல, கலையும் உரிமை பேசுபவரைத் தேடிச் செல்வதில்லை. பொறுமையோடு கேட்பவர் கையில் தங்கிவிடுகிறது.

முதல் எண்ணத்தை இகழ வேண்டுவதில்லை. பழகிய குரலைக் கேட்டு உள்ளம் துள்ளியது மெய். அதனை மறைக்கவும் வேண்டாம். ஆனால் அத்துள்ளல் கேட்டவரைப் பற்றிய செய்தி; தட்டைப் பற்றிய செய்தி இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்ட பின்னரே தொடங்குகிறது. முதல் ஏழு பத்திகளோடு எழுந்து போய்விடுபவர் உயிலை மட்டும் கேட்டவர். எட்டாவதையும் இருந்து கேட்பவரே கதையைக் கேட்டவர்.