அறப்போரும் கேட்கும் கடமையும்: சங்கரலிங்கனாரின் உண்ணாநோன்பை முன்வைத்து

முன்னுரை

அகிம்சையைத் தீங்கு செய்யாமை என்னும் எதிர்மறை ஒழுக்கமாக மட்டும் காண்பது அதன் பொருளைச் சுருக்கிவிடும். திருக்குறளின் வாய்மை அதிகாரம் உண்மையையே பிறர்க்குத் தீமை பயவாத சொல்லாக வரையறுக்கிறது. இவ்வழி நோக்கின், அகிம்சை சொல்பவரையும் கேட்பவரையும் ஒருங்கே பிணைக்கும் தொடர்பியல் கோட்பாடாகிறது. அன்புப் பிணைப்பு உள்ளவரை நோக்கியே உண்ணாநோன்பு மேற்கொள்ளத்தக்கது என்ற காந்தியடிகளின் கருத்தும் கேட்பவரின் மனத்தையே மையமாகக் கொண்டது.

நோன்பும் செவியும்

சூலக்கரையில் எளிய வாழ்வு நடத்திய காந்தியவாதி சங்கரலிங்கனார், 1956 ஜூலை 27 அன்று 12 கோரிக்கைகளை முன்வைத்து விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கினார். அது அன்றைய முதலமைச்சர் காமராசரின் சொந்த ஊர். இரண்டரை மாதங்களுக்குப் பின், அக்டோபர் 13 அன்று அவர் உயிர்நீத்தார். 'தமிழ்நாடு' என்னும் பெயர் மாற்றத் தீர்மானம் 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறி, 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது.

இந்நோன்பு முதலில் தோற்று, பின்னர் வென்றது என்பதே பொதுவான மதிப்பீடு. இது போதுமானதன்று. பொட்டி ஸ்ரீராமுலு 58 நாள் நோன்பிருந்து 1952 டிசம்பர் 15 அன்று இறந்தார். தொடர்ந்து கலவரம் மூண்டது. நான்கு நாட்களில் ஆந்திர மாநில அறிவிப்பு வந்தது. விருதுநகர் நோன்பின் கோரிக்கையோ பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தது. அரசியல் சூழல்கள் வேறுபட்டவை எனினும், நோன்புக்குத் திறவாத செவி கலவரத்துக்குத் திறக்குமாயின், அக்குறையை அகிம்சையின் மீது ஏற்றுவது பொருந்தாது.

கேட்டலின் குறை அத்துடன் முடியவில்லை. தமிழே ஆட்சிமொழியாதல், தொடர்வண்டியில் அனைவர்க்கும் ஒரே வகுப்பு ஆகியனவும் அவருடைய கோரிக்கைகளே. போற்றுவோர் நினைவிலும் பெயர் மாற்றம் ஒன்றே எஞ்சியது. சமத்துவத்தை வேண்டிய குரல் பெயர்ப்பலகையாகச் சுருங்கிற்று.

நிறைவுரை

ஒருவரின் நீண்ட உரையிலிருந்து ஒரு தொடரை மட்டும் பிரித்தெடுத்துப் பரப்புவது இன்றைய சமூக ஊடக வழக்கம். வசைச்சொல் தவிர்த்தலே ஊடக அகிம்சை எனக் கருதுவோர் இதைத் தீங்காகக் காண்பதில்லை. சொல்லப்பட்டதை முழுமையாகக் கேட்டலும் இன்னாசெய்யாமையின் பகுதியே. சங்கரலிங்கனாரின் 12 கோரிக்கைகளையும் ஒருசேர வாசித்து மதிப்பிடுவது, அவர்க்குச் செய்யப்படாமல் நிற்கும் ஆய்வுக் கடமையாகும்.