மூன்று ஆட்டம், மூன்று டிரை

1954 ஏப்ரல் 24 முதல் மே 8 வரை, பதினைந்தே நாட்களில், இங்கிலாந்தின் வடபகுதியைச் சேர்ந்த ஹாலிஃபாக்ஸ், வாரிங்டன் என்ற இரண்டு ரக்பி லீக் அணிகள் மூன்று இறுதி ஆட்டங்களில் மோதின: சாலஞ்ச் கோப்பை இறுதி, அதன் மறு ஆட்டம், சாம்பியன்ஷிப் இறுதி. முதல் ஆட்டம் 4-4. இரண்டாவதில் வாரிங்டன் 8, ஹாலிஃபாக்ஸ் 4. மூன்றாவதில் வாரிங்டன் 8, ஹாலிஃபாக்ஸ் 7. மொத்தம் 240 நிமிட ஆட்டத்தில் விழுந்த டிரை, அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது, மூன்றுதான். எண்களை மட்டும் பார்ப்பவர்கள் வறண்ட ஆட்டங்கள் என்று தள்ளிவிடுவார்கள். என் ரசனையில், பிரிட்டிஷ் ரக்பி லீக் கண்ட பருவங்களில் இவ்வளவு கனிந்து முடிந்தது வேறொன்றில்லை.

ரக்பி லீக் பிறந்ததே கூலிப் பிரச்சினையில். சனிக்கிழமை ஆடப் போனால் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்ட நாளுக்கு ஆறு ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று வடக்கத்திய கிளப்புகள் கேட்டன. அப்போது ரக்பியை நடத்திய ரக்பி யூனியன் அமைப்பு மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. பிறகு விதிகளையும் தங்கள் மனப்போக்குக்கு மாற்றிக்கொண்டன. 1906-ல் பதினைந்து பேர் பதின்மூன்று ஆனார்கள். மண்ணில் விழுந்த பந்துக்காக இரு தரப்பும் குவியலாக முட்டி மோதுவது போய், மடக்கப்பட்டவன் எழுந்து நின்று பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்குத் தள்ளும் முறை வந்தது.

இந்த ஒரு மாற்றம்தான் ரக்பி லீக்கின் அழகுக்கெல்லாம் வேர். ஓடு, மடங்கு, எழு, தள்ளு, மறுபடி ஓடு. தாளம் தவறாமல் இது திரும்பத் திரும்ப நடக்கும். இன்று ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். 1954-ல் அந்த வரம்பு கிடையாது. நான்கு மடக்கு என்ற விதி 1966-ல்தான் வந்தது. பந்தைக் கைவிடாத அணி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். தடுப்பவர்களுக்கு எப்போது ஓய்வு என்று தெரியாது. மாற்று ஆட்டக்காரரும் கிடையாது. இறங்கிய பதின்மூன்று பேர்தான் எண்பது நிமிடமும் தாங்க வேண்டும். கபடியில் பிடிகாரர்கள் கை கோத்து ஒருவனைச் சூழும் நேர்த்தியை ரசித்த கண்ணுக்கு இந்தத் தடுப்பு வரிசையின் அழகு உடனே பிடிபடும். ஒருவன் ஓரடி முந்தினாலும் பிந்தினாலும் அந்த இடைவெளியில் எதிரி புகுந்துவிடுவான். அப்படிப்பட்ட வரிசைகளை இரண்டு அணிகளும் 240 நிமிடம் கலையாமல் வைத்திருந்தன என்பதைத்தான் அந்த மூன்று டிரைகள் சொல்கின்றன.

அன்றைய பருவம் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் வரை நீளும். இலையுதிர் காலத்தில் லங்காஷயர், யார்க்‌ஷயர் மாவட்டக் கோப்பைகள். பிறகு குளிர்காலச் சேற்றில் லீக் ஆட்டங்கள், வசந்தத்தில் சாலஞ்ச் கோப்பை, கடைசியில் பட்டியலின் முதல் நான்கு இடத்துக்காரர்களுக்குள் சாம்பியன்ஷிப். ஆடியவர்கள் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்தவர்கள். வாரிங்டன் கம்பி இழுக்கும் ஆலைகளின் ஊர். அணிக்கே கம்பி என்றுதான் பட்டப்பெயர். ஹாலிஃபாக்ஸ் கம்பளிக்கும் தரைவிரிப்புக்கும் மிட்டாய்க்கும் பேர்போனது. அந்த 1953-54 பருவத்தில் லீக் பட்டியலில் முதலிடம் ஹாலிஃபாக்ஸுக்கு. ஆல்வின் ஆக்கர்லி என்ற ஹூக்கரின் தலைமையில் அசைக்க முடியாத முன்வரிசை. ஸ்க்ரம்மில் இருபுறமும் தோள்கள் முட்டி நிற்க, நடுவில் விழும் பந்தைக் காலால் கொத்தி இழுப்பது ஹூக்கரின் வேலை. இன்றைய ஆட்டத்தில் ஸ்க்ரம் வெறும் சடங்காகிவிட்டது. அந்தக் கலை போனது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

வாரிங்டன் பக்கம் பிரையன் பெவன். ஆஸ்திரேலியக் கடற்படையில் வேலை பார்த்தவர், கப்பல் பழுதுபார்ப்புக்காக இங்கிலாந்து வந்தபோது கிளப்புகளிடம் வாய்ப்புக் கேட்டார். லீட்ஸ் வேண்டாம் என்றது. ஹன்ஸ்லெட்டும் வேண்டாம் என்றது. வாரிங்டன் எடுத்துக்கொண்டது. மெலிந்த உடம்பு, வழுக்கை விழுந்த தலை, இரண்டு முழங்காலிலும் சுற்றிச் சுற்றிக் கட்டிய துணி. படத்தில் பார்த்தால் ஓட்டக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பந்து கைக்கு வந்ததும் பக்கவாட்டில் வெட்டி, நின்று, திரும்பி, மறுபடி வெட்டி ஓடுவார். எதிர்த்தரப்பு ஒருவர்பின் ஒருவராகக் காற்றைப் பிடித்துக்கொண்டு விழும். வாழ்நாளில் அவர் போட்ட டிரைகள் 796. இதை இதுவரை யாரும் தொடவில்லை. அந்தப் பருவத்தில் மட்டும் 67. அப்படிப்பட்டவரை மூன்று இறுதி ஆட்டங்களிலும் ஒரு டிரைகூடப் போட விடவில்லை ஹாலிஃபாக்ஸ். தோற்ற அணியின் சாதனையாக இதை நான் தயங்காமல் எழுதுவேன்.

லண்டனின் வெம்ப்ளியில் நடந்த முதல் இறுதியில் 80,000-க்கும் மேற்பட்டோர் முன்னால் இரு தரப்புக்கும் ஆளுக்கு இரண்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துப் பெறுவது), அவ்வளவுதான். வெம்ப்ளியில் சமநிலையில் முடிந்த முதல் சாலஞ்ச் கோப்பை இறுதி அதுதான். அடுத்தது நடக்க 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மறு ஆட்டத்துக்கு மே 5, புதன்கிழமை மாலை, பிராட்ஃபோர்டின் ஆட்சல் மைதானம் என்று முடிவாயிற்று.

ஆட்சல் ஒரு பெரிய பள்ளம். நகராட்சி பல ஆண்டுகள் குப்பையைக் கொட்டி நிரப்பி, அந்தக் குப்பை மேட்டையே பார்வையாளர் நிற்கும் சரிவாக்கியது. வேலை நாள் மாலையில் அங்கே எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள் என்ற நினைப்பைக் கூட்டம் பொய்யாக்கியது. அப்போது மலைகளைக் கடக்கும் விரைவுச்சாலை எதுவும் இல்லை. லங்காஷயரிலிருந்து பெனைன் குன்றுகளின் குறுகிய சாலைகளில் பேருந்துகள் வரிசைகட்டி நின்றன. ஆட்டம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. வேலிகள் சரிந்தன; ஆடுகளத்தின் ஓரம்வரை ஆட்கள் நின்றார்கள். அதிகாரபூர்வக் கணக்கு 102,569. கணக்கில் வராமல் உள்ளே நுழைந்தவர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் என்பார்கள். ரக்பி லீக்கின் உலக சாதனைக் கூட்டமாக அது 1999 வரை நின்றது, சிட்னியில்தான் முறிந்தது. ஆடுகிறவர்களைப் போலவே கூலிக்கு உழைக்கிற ஒரு லட்சம் பேர் ஒரு புதன்கிழமை மாலையில் குப்பை மேட்டில் நின்று பார்த்த ஆட்டம் அது.

அன்று வாரிங்டனுக்கு ஜிம் சாலினர் ஒன்று, ஜெரி ஹெல்ம் ஒன்று என இரண்டு டிரை. ஹாலிஃபாக்ஸுக்கு மறுபடியும் கோல்கள் மட்டும். ஆர்தர் டேனியல்ஸ் மூலையில் தரையில் வைத்த பந்தை நடுவர் ரான் கெல்டர் டிரை என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஹாலிஃபாக்ஸ்காரர்களுக்கு அந்தத் தீர்ப்பு ஆறாத புண்ணாகவே இருந்தது. சிறந்த ஆட்டக்காரருக்கான லான்ஸ் டாட் கோப்பை ஹெல்முக்கு. 1950-லும் பெற்றவர் என்பதால் அதை இரண்டு முறை வென்ற முதல் ஆள் ஆனார். ஸ்க்ரம்முக்குப் பின்னால் நின்று, பந்து வெளிவரும் அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் திறக்கும் என்று தீர்மானிக்கும் ஹாஃப் பேக் அவர். ஆள் பலம் சரிசமமாக இருக்கும்போது ஹாஃப் பேக்கின் மூளைதான் ஆட்டத்தைப் பிளக்கிறது.

மூன்றே நாள் கழித்து மான்செஸ்டரின் மெய்ன் ரோட்டில் சாம்பியன்ஷிப் இறுதி. ஹாலிஃபாக்ஸ் இங்கே டிரை போட்டது. ஜான் தார்லி தரையில் பந்தை வைத்தார். கூடவே இரண்டு கோல், ஆக ஏழு புள்ளி. வாரிங்டன் டிரையே போடவில்லை. ஹாரி பாத் நான்கு கோல் அடித்தார், எட்டு. டிரைக்கு மூன்று புள்ளி, கோலுக்கு இரண்டு என்ற அன்றைய கணக்கு உதைப்பவனை அரசனாக்கியது. பிரிஸ்பேனிலிருந்து வந்த இந்த இரண்டாம் வரிசை ஆட்டக்காரர் மூன்று இறுதிகளிலும் சேர்த்து ஏழு கோல் அடித்தார். வாரிங்டனின் 20 புள்ளியில் 14 அவர் காலிலிருந்து வந்தவை. ஈரம் குடித்துக் கனத்த தோல் பந்தைச் சேற்றில் குத்திட்டு நிறுத்தி, நேராக ஓடிவந்து, பூட்ஸ் நுனியால் உதைக்கும் காலம் அது. அதற்கு முன் அதே சேற்றில் எதிரிகளை மடக்கிக் களைத்த கால் அது. அந்த நிலையில் மனம் நடுங்காமல் நிற்பதுதான் அவருடைய வித்தை. பெவனும் சரி, பாத்தும் சரி, ஆஸ்திரேலியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. பாத் பின்னாளில் பயிற்சியாளராக 1968-ல் அந்த நாட்டுக்கு உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

லீக் பட்டியலில் முதலிடம் பிடித்த ஹாலிஃபாக்ஸ், ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன்ஷிப்பையும், ஏற்கப்படாத டிரையோடு கோப்பையையும் விட்டது. இரண்டே ஆண்டுகளில், 1956-ல், மறுபடியும் இரண்டு இறுதிக்கும் வந்து இரண்டிலும் தோற்றது. கோப்பை இல்லாததால் அந்த அணியைச் சிறிதாக மதிப்பிடுவது அநியாயம். அந்தப் பதினைந்து நாளில் இரு அணிகளுக்கும் இடையே தரத்தில் வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

இன்று பிரிட்டனின் சூப்பர் லீக் பிப்ரவரியில் தொடங்கி அக்டோபர்வரை நடக்கிறது. வேகமும் டிரைகளும் கூடியிருக்கின்றன. ஓர் ஆட்டம் பார்க்க வாய்த்தால், முதல் பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டுத் தடுப்பு வரிசையைக் கவனியுங்கள். மடக்கியவன் எழுந்து எவ்வளவு விரைவாக வரிசைக்குத் திரும்புகிறான், பக்கத்தில் நிற்பவன் அவனுக்காக எப்படி நகர்ந்து இடம் அடைக்கிறான் என்று பாருங்கள். அது பிடிபட்டுவிட்டால் 4-4 என்ற முடிவைக் கண்டு இனி முகம் சுளிக்கமாட்டீர்கள்.