மெய்க்கீர்த்தியும் ஜீவாவும்

நார்த்தாமலை, குடுமியான்மலை என்று புதுக்கோட்டைச் சீமையின் கோயில்களில் கல்வெட்டுகளை நிதானமாகப் படித்துவரும் ரஸிகர், விளக்கெரிக்க ஆடு விட்டதும் நிலம் விற்றதுமான சிறு காரியங்களைச் சொல்லவந்த சோழர் சாசனங்கள் பலவற்றில், அக்காரியத்துக்கு முன்னால் மன்னன் வென்ற நாடுகளின் வரிசை கம்பீரமான நடையில் வந்து அமர்ந்திருப்பதைக் காண்பார். முதலாம் ராஜராஜன் காலத்தில் நிலைபெற்ற இந்த மெய்க்கீர்த்தி, வெற்றிகள் சேரச் சேரத் தானும் நீண்டது. நார்த்தாமலையோ தெலுங்ககுலகாலபுரம் என்று அரச விருதையே தன் பெயராகத் தாங்கியது.

அவ்வரசர்களை இக்காலத்து ஸர்வாதிகாரிகளோடு ஒப்பிடுவது நியாயமன்று. ஊரார் தம் காரியங்களைத் தாமே தீர்மானித்தார்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் சாதனமும் அரண்மனையிடம் இருக்கவில்லை. எனினும் அன்றாட வாழ்வின் முகப்பில் அதிகாரத்தின் புகழை வைத்துவிடும் உபாயத்தை அந்தக் கற்களில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தனியானதொரு சுவை தருகிறது.

எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அந்நாவலில், ஜீவா ஆளும் எதிர்கால இந்தியா முதலில் பயங்கரமாகத் தோன்றுவதே இல்லை. நிலா என்ற பெண்ணுக்குக் குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி கிடைக்கிறது, அவள் மகிழ்கிறாள். அந்த மகிழ்ச்சிதான் என்னை நடுங்கச் செய்தது. நிலா, சிபி, ரவி, மனோ என்று மனிதர் பெயர்கள் இரண்டெழுத்துக்குள் ஒடுங்கியிருப்பதையும் வாசகன் கதையின் வேகத்தில் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறான். தானும் அந்நாட்டுப் பிரஜையாகிவிட்டதை அவன் உணர்வதற்குள் பல அத்தியாயங்கள் கடந்துவிடுகின்றன. ஜனங்கள் தெய்வமாகத் தொழும் அந்த ஜீவா வெறும் ஒளிப்பிம்பமே என்று தெரியவரும் இடம், தமிழ் நாவல்களில் நான் மிக வியந்து படித்த கட்டங்களில் ஒன்று.

1949-இல் வெளிவந்து, க.நா.சு.வால் தமிழிலும் பெயர்க்கப்பட்ட ஆர்வெல்லின் '1984' வேறு வழியில் செல்கிறது. பீகாரின் மோதிஹாரியில் பிறந்து, யுத்தகாலத்தில் பி.பி.சி.யில் இந்தியாவுக்கான ஒலிபரப்புகளைத் தயாரித்த ஆர்வெல், பிரசாரம் உருவாகும் கூடத்தை உள்ளிருந்தே கண்டவர். ஆகையால்தான் அவருடைய கதாநாயகன், பழைய பத்திரிகைகளை இன்றைய ஆணைக்கு இணங்கத் திருத்தும் குமாஸ்தாவாக வருகிறான். நம் கல்வெட்டிலோ, ஆட்சியின் தொடக்கத்தில் வெட்டிய சுருக்கமான கீர்த்தியும் பின்னால் வெட்டிய நீண்ட கீர்த்தியும் அருகருகே நிற்கின்றன. எந்தப் பெருமை எப்போது சேர்ந்தது என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆர்வெல்லின் அரசு முதலில் அழிப்பது அந்த ஒப்பீட்டைத்தான்.

இருளின் அடர்த்தியில் சுஜாதா ஆர்வெல்லுக்கு நிகராகார். புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோவின் மேல் அவர் வைத்த வாத்ஸல்யம் பல இடங்களில் பயத்தைக் கரைத்துவிடுகிறது. ஆயினும் ஓரிடத்தில் அவருடைய பார்வை மிகக் கூர்மையானது. ஜீவாவின் பிம்பம் கலைந்த பிறகு ஆட்சியைப் பிடிக்கும் ரவியும் மனோவும், எளியவளான நிலாவை அரசியாக்கி, அவள் பெயரால் ஆள முற்படுகிறார்கள். முகமற்ற அதிகாரத்துக்கு ஒளியாலான உருவத்தைவிட, ஜனங்கள் மனமார நேசிக்கக்கூடிய ஓர் உயிருள்ள பெண்ணே அதிகம் பயன்படுவாள் என்பதைத் தொடர்கதை வாசகர்களுக்கு அத்தனை எளிமையாக விளங்கவைத்த ஆசிரியர் வேறொருவரை நான் அறியேன்.