செல்லையா எழுதியதும் அரசு எடுத்துக்கொண்டதும்

1973-74இல் உச்ச வரிப்படியில் இருந்த ஓர் இந்தியர் கடைசியாகச் சம்பாதித்த நூறு ரூபாயில் 97 ரூபாய் 75 காசு வருமான வரி. கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். இது சட்டப் புத்தகத்தின் கணக்கு. நடப்பில் அந்த நூறு ரூபாய் பெரும்பாலும் கணக்குக்கே வரவில்லை. இந்தக் கோளாறை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் ராஜா செல்லையா. பிட்ஸ்பர்க்கில் முனைவர் பட்டம், உஸ்மானியாவில் பேராசிரியர் பணி, பன்னாட்டு நிதியத்தில் சில காலம் என்று நகர்ந்த அவர், 1976இல் டெல்லியில் தேசியப் பொது நிதி, கொள்கை நிறுவனத்தை உருவாக்கினார்.

பேராசிரியரை அழைத்துவந்து வரிக்கு வழி கேட்பது நமக்குப் பழைய வழக்கம். 1956இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த நிக்கோலஸ் கால்டர், வருமான வரியின் உச்சத்தை ரூபாய்க்கு ஏழு அணாவோடு நிறுத்துங்கள், அதற்கு ஈடாகச் சொத்து வரியும் செலவு வரியும் போடுங்கள் என்றார். அடுத்த ஆண்டே நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அந்தப் புது வரிகளைக் கொண்டுவந்தார். ஏழு அணா மட்டும் வரவில்லை. செலவு வரி இருமுறை போடப்பட்டு இருமுறையும் கைவிடப்பட்டது. கால்டர் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டார். அவர் சொன்னதில் பாதி விடுபட்டதை எடுத்துச் சொல்ல இங்கே ஆளில்லை.

செல்லையாவின் பலம் இங்கேதான். 1991 ஆகஸ்டில் நிதியமைச்சர் மன்மோகன் சிங் வரிச் சீர்திருத்தக் குழுவை அவரிடம் ஒப்படைத்தபோது, அவருடைய நிறுவனத்தில் பதினைந்து ஆண்டு ஆய்வு தயாராக இருந்தது. அதனால்தான் நான்கே மாதத்தில் இடைக்கால அறிக்கை வந்தது. வீதத்தைக் குறை, விலக்குகளை ஒழி, வலையை அகலப்படுத்து: மூன்றும் சேர்ந்து ஒரே மருந்து. 1992 பட்ஜெட்டில் வருமான வரி 20, 30, 40 என்று மூன்று படிகளானது. 150 சதவீதமாக இருந்த உச்ச சுங்க வரி 1995இல் 50க்கு இறங்கியது. 1994இல் தொலைபேசி, பொதுக் காப்பீடு, பங்குத் தரகு ஆகிய மூன்றின் மீது 5 சதவீத சேவை வரி வந்தது. ஜிஎஸ்டிக்கான பாதையில் முதல் கற்களில் அதுவும் ஒன்று.

குறையைப் பார்ப்போம். மத்திய அரசின் மொத்த வரி வருவாய் 1990-91இல் உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 10 சதவீதம். 2001-02இல் 8 சதவீதத்துக்குச் சற்று மேல். இதைக் காட்டி சீர்திருத்தமே தோல்வி என்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். சரிந்தது சுங்கமும் கலால் வரியும். நேரடி வரி வளர்ந்தது. மத்திய வரி வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த அது 2007-08இல் பாதியைத் தாண்டியது. வீதம் குறைந்தால் கணக்கு வெளியே வரும் என்ற செல்லையாவின் வாதம் அந்த அளவுக்கு மெய்ப்பட்டது.

ஆனால் மருந்து முழுதாக இறங்கவில்லை. வீதக் குறைப்பையும் விலக்கு ஒழிப்பையும் சேர்த்தே பேசிய இடைக்கால அறிக்கை 1991 டிசம்பரில் வந்தது. இறுதி அறிக்கையின் இரண்டு பகுதிகள் 1992 ஆகஸ்டிலும் 1993 ஜனவரியிலும் வந்தன. வீதக் குறைப்பு இனிப்பு, விலக்கு ஒழிப்பு கசப்பு. இனிப்பை விழுங்கிய அரசு, கசப்பில் பெரும்பகுதியைத் தள்ளிவைத்தது. விலக்கு பெற்ற ஒவ்வொரு தொழிலுக்கும் டெல்லியில் வாதாட ஆள் உண்டு என்பது செல்லையாவுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஒன்றை விட்டு மற்றதை எடுக்க முடியாதபடி முடிச்சுப் போடவில்லையே என்பதுதான் என் குறை.

கடைத்தெருவை எட்டத்திலிருந்து பார்ப்பது இன்னொரு குறை. இதில் அரசும் வல்லுநர்களும் கூட்டாளிகள். 1992இல் சிறு வணிகர்களுக்கு ஓர் எளிய திட்டம் வந்தது. ஆண்டு விற்பனை 5 லட்சத்துக்குள், வருமானம் 35,000க்குள் என்றால் 1,400 ரூபாய் கட்டினால் போதும். அன்றைய வரிவிலக்கு வரம்பு 28,000. மிச்சம் 7,000க்கு 20 சதவீதம்தான் அந்த 1,400. கணக்கில் பிசகே இல்லை. ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வேறு கணக்குப் போடுகிறார்: இந்த வருஷம் பேர் பதிவாகிவிட்டால், அடுத்த வருஷம் யார் வந்து கதவைத் தட்டுவார்? சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது.

செல்லையா 1993இல் சென்னை பொருளியல் பள்ளியின் நிறுவனத் தலைவரானார். 2007இல் பத்ம விபூஷண் பெற்று 2009இல் மறைந்தார். உச்ச வருமான வரி 1997இலேயே 30 சதவீதத்துக்கு வந்துவிட்டது. விவசாயம் செய்யாதவர்களின் விவசாய வருமானத்துக்கு வரி போடுங்கள் என்றும் அவர் குழு எழுதியிருந்தது. அதையும் எந்த அரசும் இன்றுவரை எடுக்கவில்லை.