மறதியும் மருந்தும்

முதுமை மறதி நோயைப் பொருளாகக் கொண்ட கலைப்படைப்புகள் நம் காலத்தில் பெருகி வருகின்றன. இது வரவேற்கத் தக்கதே. 2005ஆம் ஆண்டில் மலையாளத்தில் பிளெஸ்ஸி இயக்கிய 'தன்மாத்ர', தலைமைச் செயலக ஊழியர் ஒருவரின் அறிவு படிப்படியாகச் சிதைவதைக் காட்டிற்று. 2015இல் வெளிவந்த மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி', பவானி என்னும் மூதாட்டி மும்பை மழையில் வழி தவறுவதையும், கணவர் கணபதி அவரைப் பேணும் பரிவையும் காட்டிற்று. நோயாளியைக் கேலிப்பொருளாக்கும் இழிவை விலக்கியமைக்காக இரண்டையும் நாம் பாராட்டுகிறோம்.

ஆயினும் இப்படைப்புகளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மறதி பேசப்படுகிறது, மருந்துண்ட உடல் எங்கே?

டொனெபசில் என்னும் மாத்திரை 1996இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ரிவாஸ்டிக்மின், கலன்டமின் ஆகியன பின்தொடர்ந்தன. இவை நோயைக் குணப்படுத்துவதில்லை. மூளையில் அசற்றைல்கோலின் என்னும் பொருள் சிதைவதைத் தடுத்து, சிலருக்குச் சிறிது காலம் நினைவைத் தாங்கிப் பிடிக்கின்றன. அதே பொருள் குடலிலும் இதயத்திலும் வேலை செய்கிறது. ஆதலால் சிலருக்குக் குமட்டல், வயிற்றோட்டம், பசியின்மை, உடல் மெலிவு. சிலருக்கு நாடி தளர்ந்து மயக்கம். வேறு சிலருக்கு இரவில் பயங்கரக் கனவுகள். 5 மில்லிகிராமில் தொடங்கி, 4 முதல் 6 வாரம் பொறுத்தே 10 ஆக்குவதன் காரணம் இதுதான். கனவு வருத்தினால் இரவு மாத்திரையை டொக்டர் காலைக்கு மாற்றித் தருவார். ஆனால் அவரிடம் சொல்வது யார்?

காலையில் வாந்தியெடுத்தவர் மாலையில் அதை மறந்துவிடுகிறார். டொக்டர் கேட்டால், "ஒன்றுமில்லை" என்கிறார். அவர் மெலிவது வயதின் குறையாகவும், சோற்றைத் தள்ளுவது பிடிவாதமாகவும், இரவில் அலறுவது பேயின் வேலையாகவும் வீட்டாருக்குத் தோன்றுகின்றன. சிறுநீர் அடங்காமைக்கு வேறொரு மாத்திரை சேர்கிறது. அதுவோ முதல் மாத்திரையின் பயனையே கெடுக்கக்கூடும். 2005இல் வெளியான, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து ஆய்வொன்று இத்தகைய மருந்துச் சங்கிலியை எடுத்துக்காட்டிற்று.

இதனைக் கொடகவெலப் பக்கத்துத் தோட்ட லயமொன்றில் வைத்துப் பார்ப்போம். மும்பை வீட்டில் பவானிக்குக் கணவர் துணையிருக்கிறார். லயத்திலோ மகளும் மருமகளும் விடிந்ததும் பெரட்டுக்குப் போக வேண்டும். இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஒருநாட் பேர் போயிற்று. கக்கூசு வெளியே, சறுக்கும் படிகளுக்கு அப்பால் இருக்கும் லயங்கள் பல. மருந்துத் தாளில் 'வயிற்றோட்டம்' என்பது ஒரு சொல்; அங்கு அது இருட்டில் வீழ்ந்து இடுப்பெலும்பை முறிக்கும் ஆபத்து.

கலை மருந்துச் சீட்டன்று எனச் சிலர் மறுக்கலாம். மெய்தான், மில்லிகிராம் கணக்கை நாம் கலைஞரிடம் கேட்கவில்லை. பேரனின் பெயர் சொல்லும் நாட்கள் இன்னும் சில வேண்டுமா, உண்ட சோறு வயிற்றில் தங்க வேண்டுமா என்று ஒரு குடும்பம் தத்தளிப்பதைவிட வலிய நாடகம் எது? எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடும் மருமகள் கொடியவளா, இரக்கமுள்ளவளா? அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம் என்பதை அவளுக்கு யாரும் சொல்லாதது யார் குற்றம்? யதார்த்தக் கலை தொட வேண்டிய வினாக்கள் இவை.

தன் துன்பத்தைத் தானே நினைவில் வைத்திருக்க முடியாதவருக்கு இன்னொருவர் சாட்சியாக வேண்டும். வீட்டில் அச்சாட்சி, உண்ட சோற்றையும் உறங்கிய நேரத்தையும் நாட்காட்டித் தாளில் குறித்து டொக்டரிடம் காட்டும் மகள். இலக்கியத்தில் அப்பணி எழுத்தாளனுடையது. பெரட்டுக்களத்தையும் லயத்தையும் எழுத்திற் கொணர்ந்தவர்கள் மலையக எழுத்தாளர்கள். அந்த லயத்தின் மூலையிற் படுத்திருக்கும் பாட்டியின் மாத்திரைப் பெட்டியையும் அவர்கள் திறந்து பார்ப்பார்களாக.