யந்திரமும் ஆடையும்

நாவல் எழுதுகிறவனுக்கு நாகரிக உடை அணிவகுப்பில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒரு பொருளின்மேல் மனிதனுக்கு ஆசை எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்பது என் தொழிலும்தானே?

1998-ஆம் வருஷம் செப்டம்பரில், லண்டனில் அலெக்ஸாண்டர் மக்வீன் நடத்திய அணிவகுப்பின் கடைசிக் காட்சியைப் படத்தில் பார்த்தேன். வெள்ளை உடையில் ஷாலோம் ஹார்லோ என்ற பெண் சுழலும் மேடைமேல் நிற்கிறாள். இருபுறமும் இரண்டு யந்திரக் கைகள். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஜாதி. முதலில் அவை தூங்கி விழித்தவைபோல் மெல்ல அசைகின்றன. அவளை மோப்பம் பிடிக்கின்றன. திடீரென்று கறுப்பும் மஞ்சளுமாக வர்ணத்தை அவள்மேல் பீய்ச்சுகின்றன. அவள் கைகளால் மறைத்துக்கொள்கிறாள். எல்லாம் ஓய்ந்ததும் தள்ளாடியபடி சபையை நோக்கி வருகிறாள்.

நடந்தது விளையாட்டா, வதையா? என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. யந்திரம் அங்கே ஒரு பாத்திரமாகிவிட்டது. நல்ல சிறுகதை ஒன்றைப் படித்த நிறைவு எனக்கு.

இனி கடைக்கு வருவோம். 2012-இல் பர்பெரி கம்பெனி லண்டன் ரீஜன்ட் தெருவில் பெரிய கடை ஒன்று திறந்தது. சில உடைகளில் சிறு மின்னணுச் சில்லு வைத்திருந்தார்கள். உடையைக் கண்ணாடி அருகே கொண்டுபோனால் கண்ணாடியே திரையாகி, அது தயாரான விதத்தையும், அணிவகுப்பில் வந்த விதத்தையும் காட்டும். சாமர்த்தியந்தான். ஆனால் கண்ணாடிமுன் நிற்பவள் பார்க்க விரும்புவது தன்னை அல்லவா? அந்த நிமிஷத்தில் குறுக்கே பேசுவது, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசினாலும், இங்கிதம் ஆகாது.

2016 செப்டம்பரில் அதே கம்பெனி இன்னும் ஓர் அடி வைத்தது. வழக்கமாக, அணிவகுப்பில் கண்ட உடை கடைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதமாகும். இப்போது, காட்சி முடிந்தவுடனே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். டாம் ஃபோர்டும் அப்படிச் செய்து பார்த்தார், 2017-இல் கைவிட்டார். அணிவகுப்புத் தேதியும் கடைக்குச் சரக்குப் போகும் தேதியும் ஒத்துவரவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

என் காரணம் வேறு. காத்திருக்கும் மாதங்களில் அசலைப் பார்த்து மலிவாக நகல் செய்கிறவர்கள் முந்திக்கொள்கிறார்கள் என்பது உண்மை. வியாபாரியின் அவசரத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த இடைவெளியில் பார்த்தவள் மனத்திலும் ஒரு வேலை நடக்கிறது. உடையை நினைக்கிறாள், மறக்கிறாள், மறுபடி நினைக்கிறாள். கடைசியில் வேண்டாம் என்று விடவும் செய்கிறாள். தொடர்கதை வாசகர் அடுத்த இதழ் வரும்வரை செய்வதும் இதுதான். அங்கேதான் ஆசை அவளுடைய சொந்த ஆசையாகிறது.

மக்வீனின் யந்திரங்கள் நம்மை யோசிக்க வைத்தன. கடைக்கு வந்த யந்திரமோ யோசிக்கும் நேரத்தை மிச்சப்படுத்தித் தருகிறது. அந்த மிச்சம் யாருக்கு லாபம் என்பதை வாங்குகிறவர்களே சொல்லட்டும்.